அவர் சட்டைப்பையில் என் பெயர்

வங்கியிலிருந்து அந்தப் பெண் கூப்பிடும் நேரம் பார்த்து நான் பள்ளி அலுவலகத்தில் யாருக்காவது டிசி எழுதிக்கொண்டிருப்பேன். "மேடம், நிங்களுக்கு ஒரு கிரெடிட் கார்டு கூடி கிட்டும், ஃப்ரீ ஆணு" என்று தேன் ஒழுகப் பேசுவாள். ஒன்றே போதும் என்று சொல்லி வைத்துவிடுவேன். அந்த ஒன்று எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் மறைக்காமல் சொல்லியிருப்பேன். உதியன்குளங்கரை சந்திப்பில் பைப்பும் குழாயும் விற்கும் ஒரு கடையில், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனிதரின் சட்டைப்பையில் இருக்கிறது என்று.

அந்த மனிதர் என் கணவர். கார்டில் அச்சடித்திருப்பது என் பெயர். எழுத்து மேலே எழும்பி நிற்கும்படி அச்சடித்திருப்பார்கள், தடவிப் பார்த்தால் விரலில் படும். கார்டு வந்த அன்று ஒருமுறை தடவிப் பார்த்தேன். மறுநாள் காலையில் அவர் கடைக்குக் கிளம்பும்போது, "எடி, இது எனக்க கையில இருக்கட்டு. நீ பஸ்ஸுல போறவ, களைஞ்சு போவும்" என்று எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் போகிறவள் தாலிச் செயினைத் தொலைக்கவில்லை, பள்ளியின் சாவிக்கொத்தைத் தொலைக்கவில்லை, இருபத்தாறு வருடமாகத் தன்னையும் தொலைக்காமல் தனுவச்சபுரம் போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் கார்டைத் தொலைத்துவிடுவாள் என்பது அவருடைய கணிப்பு. நானும் சரி என்றேன். அன்றைக்குச் சரி என்றது இன்றைக்கும் நாக்கில் கசக்கிறது.

அவர் பெயரில் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்க முடியாது. கடையை விரிவாக்க அவர் எடுத்த பழைய லோன் ஒன்று இழுத்தடித்துத்தான் முடிந்தது. அதன்பிறகு எந்த வங்கியும் அவரை உட்காரச் சொன்னதில்லை. எனக்கோ மாதம் பிறந்தால் சம்பளம். எல்லையோரக் கேரளத்தில், எங்கள் பக்கம், வீட்டில் ஒருவர் அரசுச் சம்பளம் வாங்கினால் அவர் மனிதர் அல்ல, ஜாமீன். சீட்டு பிடித்தவர்கள் பணத்தைக் கையில் வாங்க வேண்டுமென்றால் சம்பளக்காரர் ஒருவருடைய சம்பளச் சான்றிதழை வைக்க வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, "பொண்ணுக்கு சர்ட்டிபிக்கேட் கிட்டுமா?" என்று கேட்பது உண்டு. எனக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாதத்துக்குள் கணவரின் அண்ணன் எடுத்த சீட்டுக்கு என் சான்றிதழ் போய்விட்டது. அது முடிந்ததும் வேறொருவருக்கு. எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போட்டேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை, எண்ணினால் வயிறு எரியும். அந்தச் சான்றிதழுக்குப் பிறந்த பிள்ளைதான் இந்தக் கார்டு. சான்றிதழுக்காவது என் மேசைக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். கார்டுக்கு அந்த மரியாதையும் கிடையாது.

கணவருடைய அண்ணன் வீட்டு ஃபிரிட்ஜ் என் கார்டில் வந்தது. அவர்கள் வீட்டில் ஒரு பையனுக்குக் கைபேசி, களியக்காவிளை தாண்டிப் போய் எடுத்த பட்டுப்புடவைகள், எல்லாம் அதில்தான். அவர்கள் பணத்தைத் திருப்பித் தராமல் இருந்ததில்லை, நியாயத்தைச் சொல்ல வேண்டும். ஆனால் அதை என் கணவர் கையில் தருவார்கள். அது கடைக் கல்லாவுக்குள் போய்ப் பைப்பாகவும் குழாயாகவும் மாறிவிடும். மாதக் கடைசியில் பில் மட்டும் என் பெயருக்கு, என் சம்பளத்தைத் தேடி வரும். கேட்டால், "எல்லாம் ஒண்ணுதானே, நீ வேற நான் வேறயா?" என்பார். பில் கட்டும் நாளில் நான் வேறு, அவர் வேறு. அது அவருக்கும் தெரியும்.

இதில் எனக்கென்று ஒரு வேலை உண்டு. ஓடிபி என்னுடைய கைபேசிக்குத்தான் வரும். கார்டை அவர் எடுத்துக்கொள்ளலாம், அந்த ஆறு எண்ணை மட்டும் நான்தான் சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் அறையில் நிற்கும்போதும், வரிசையில் பெற்றோர்கள் காத்திருக்கும்போதும் போன் அடிக்கும். "எடி, ஓடிபி வந்துதா? சொல்லு, சொல்லு, டைம் போவுது." நான் கொஞ்சம் ஒதுங்கி நின்று ஒவ்வொரு எண்ணாகச் சொல்லுவேன். இதை யாரிடமும் பகிராதீர்கள் என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். எழுதியவருக்கு எங்கள் வீடு தெரியாது. எதற்கு ஆகும் செலவு என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கேட்பதை விட்டேன், எண்ணைச் சொல்லும் இயந்திரம் கேள்வி கேட்பதில்லை.

என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் நாயர் பெண் என்னைவிட எட்டு வயது இளையவள். அவள் இரண்டு கார்டு வைத்திருந்தாள். ஒருநாள் நான் எண் சொல்லி முடித்து வந்து உட்கார்ந்ததும், "சேச்சி ஒண்ணு கூடி எடுத்துக்கோ. ஒண்ணு காட்டதுக்கு, ஒண்ணு ஒளிக்கதுக்கு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு இரண்டு கார்டு என்றாலே பயம். ஒரு சம்பளத்தின் மேல் ஒரு கார்டே ஏறி உட்கார்ந்து மூச்சு முட்ட வைக்கிறது, இரண்டாவதும் ஏறினால் என்ன கதி? இரண்டு பில், கட்ட வேண்டிய தேதி இரண்டு, ஒன்றை மறந்தால் வட்டி குட்டி போடும். அவளுடைய கணவர் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறார், அவரவர் கார்டு அவரவர் பையில். அவளுக்கு இரண்டு என்பது வசதி. எனக்கு இரண்டாவது சுருக்குக் கயிறு. அப்படித்தான் நினைத்திருந்தேன், போன வருடத்து அறுப்பின் பண்டிகை வரைக்கும்.

எங்கள் சபை பழைய மிஷன் சபை. அறுப்பின் பண்டிகைக்கு வீட்டில் விளைந்ததில் முதல் பலனைக் கொண்டுபோய் வைப்போம். ஆராதனை முடிந்ததும் கோவில் முற்றத்தில் பந்தலுக்குக் கீழே லேலம் நடக்கும். தேங்காய், மரச்சீனிக் கிழங்கு, கோழி, பலா, கிறிஸ்மஸ் கேக்கு வரைக்கும் ஏலத்துக்கு வரும். கடையில் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பூசணிக்காய் அங்கே நாலாயிரத்துக்குப் போகும். காசு கோவிலுக்குத்தானே என்று சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் அது இரண்டு ஆண்பிள்ளைகளின் மீசைக்குப் போகும் காசு. சிலர் எடுத்த பொருளை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், அது மறுலேலத்துக்கு வரும். மைக்கில் பெயர் இரண்டுமுறை சொல்லப்படும், அதற்காக.

நான் அந்த வருடம் ஒரு ஏத்தங்குலை கொண்டுபோயிருந்தேன். மற்ற ஊரில் நேந்திரன் என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் நான் வைத்த வாழை. காலையில் பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன் பாத்திரம் கழுவிய தண்ணீரை அதன் மூட்டில் ஊற்றிவிட்டுத்தான் போவேன். காற்றில் சாயாமல் இருக்க முட்டுக் கொடுத்ததும் நான்தான். ஏழு சீப்பு. தூக்கிக்கொண்டு போகும்போது தோள் நொந்தது, மனசுக்கு நன்றாக இருந்தது.

குலை ஏலத்துக்கு வந்ததும் கணவர் ஐந்நூறு என்றார். அவருடைய அண்ணன் ஆயிரம் என்றார். இருவரும் ஆண்கள் பக்கம் முதல் வரிசையில், பாலராமபுரத்துக் கரைவேட்டியில், நடுவில் நாலு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐயாயிரம் வரைக்கும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பத்தாயிரம் ஆனபோது பெண்கள் பக்கத்திலிருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்து மூவாயிரத்தில் அண்ணன் கையை விரித்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். என் வீட்டுக் கிணற்றடியில் நான் வளர்த்துக் கொண்டுவந்து கொடுத்த குலையை, என் கணவர் ஜெயித்துவிட்டார்.

கமிட்டி செகரட்டரி ஒரு லிங்க் அனுப்பினார். கணவர் சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்து எண்ணைத் தட்டினார். என் மடியில் கைபேசி அதிர்ந்தது. மைக்கில் அடுத்ததாக ஒரு சேவலைக் கூவிக்கொண்டிருந்தார்கள், போன் பேசினாலும் காதில் விழாது. அவர் தலையைத் தூக்கி, பந்தலின் இந்தப் பக்கம் பார்த்து, நாடியை ஆட்டினார். சொல்லு என்று அர்த்தம். நான் எழுந்து நின்றேன். விரலை விரித்துக் காட்டினேன். நாலு. பிறகு ஒன்று. ஏழுக்கு ஒரு கை முழுவதும், மற்றக் கையில் இரண்டு விரல். பூஜ்யத்துக்கு மூடிய கை. அதைப் புரிந்துகொள்ளாமல் அவர் மறுபடியும் நாடியை ஆட்டினார், நான் மூடிய கையை இன்னும் உயர்த்திக் காட்டினேன். யாரோ ஒரு பெண் பின்னால் சிரித்தாள். ஆறு எண்ணும் முடிந்து நான் உட்கார்ந்தபோது முதுகெல்லாம் வியர்த்திருந்தது. மைக்கில் அவர் பெயர் ஒலித்தது. அவர் எழுந்து, குலையை மறுலேலத்துக்குக் கொடுப்பதாகச் சொன்னார். கைதட்டினார்கள். ஒரு பழம்கூட வீட்டுக்கு வரவில்லை.

இதில் நான் இன்னும் சொல்லாத ஒன்று உண்டு. அந்தக் கார்டில் மீதமிருந்த பணத்தை நான் ஒரு காரியத்துக்காக ஒதுக்கி வைத்திருந்தேன். என் மகள் நர்சிங் முடித்து திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். வெளிநாட்டுக்குப் போக ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும். அவளை எடுத்துக்கொள்வதாகச் சொன்ன ஏஜென்சி, மாதக் கடைசிக்குள் பரீட்சைத் தேதி பதிவு செய்தவர்களைத்தான் அந்தத் தடவை அனுப்பும். அவளுடைய சம்பளம் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். என் சம்பளத்தை அந்த மாதத்துப் பில் தின்றுவிட்டிருந்தது. அதனால், "கார்டுல இடமுண்டு மக்கா, அம்மா கெட்டிருவேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கணவரிடமும் சொல்லியிருந்தேன். "செரி, செரி" என்று தலையாட்டியிருந்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் கூப்பிட்டாள். பதிவு செய்யும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள், இரண்டே இடம் மீதி என்று காட்டுகிறதாம். கார்டு எண்ணை நான் ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்தேன், சொன்னேன். ஓடிபி வரவில்லை. பதிலாக, உங்கள் வரம்பில் போதிய தொகை இல்லை என்று ஒரு செய்தி வந்தது. லேலத்துக் காசு போனபிறகும் பரீட்சைக்கு மட்டுமட்டாக மிச்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் அன்று காலையில்தான் கணவர் கடைக்குச் சரக்கு எடுத்திருந்தார். அந்த ஓடிபியையும் நான்தான் சொல்லியிருந்தேன், பஸ்ஸில் நின்றுகொண்டு, எதற்கு என்று கேட்காமல்.

"அம்மா, ஒரு இடம் போச்சு" என்றாள் மகள். நான் எதிர்மேசைக்காரியிடம் கேட்டேன், அவள் உடனே தன் கார்டைத் தேடினாள், எழுந்து ஓடி வந்தாள். அதற்குள், "அதும் போச்சும்மா" என்று மகள் சொல்லிவிட்டாள். அழவில்லை. "வச்சிருதேன், வார்டுல கூப்பிடுதாவ" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் கணவரிடம் கத்தினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஆண்டவருக்கு குடுத்ததுதானே, அவரு பிள்ளைய கைவிடுவாரா? அடுத்த தவண எழுதட்டு" என்றார். ஆண்டவரையும் ஜாமீனுக்கு இழுத்துவிட்டார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அவர் சாப்பிட்டார்.

மறுநாள் வங்கிப் பெண் கூப்பிடவில்லை, நானே கூப்பிட்டேன். தனி வரம்போடு ஒரு கார்டு உண்டு என்றாள். விண்ணப்பத்தைக் கைபேசியிலேயே நிரப்பினேன். இதை என் கையில் வைத்துக்கொள்வேன், மகளின் பரீட்சைக்கு மட்டும் எடுப்பேன், வேறு எதற்கும் வெளியே காட்டமாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். இரண்டு கார்டு ஆபத்து என்று எத்தனை நாள் யோசித்திருந்தேனோ அத்தனையும் ஒரு நிமிடத்தில் மாறிப்போயிற்று. ஒரு கார்டு உள்ளவளுக்கு ஒன்றுமே இல்லை, இரண்டு உள்ளவளுக்கு ஒன்றாவது இருக்கும். அவ்வளவுதான் என் கணக்கு.

முகவரி என்ற இடத்தில் பள்ளி முகவரியைத் தட்டினேன். அது ஏற்கவில்லை, ஆதாரில் உள்ள வீட்டுக்குத்தான் அனுப்புவார்களாம். அங்கேதான் வினை. பகலில் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கும். தபால் கொண்டுவரும் பெண்ணிடம் நான் பல வருடத்துக்கு முன்பே, "வீடு பூட்டியிருந்தா கடையில குடுத்திரு மக்கா" என்று சொல்லி வைத்திருந்தேன். அவளும் ஒருநாள் தவறாமல் அப்படியே செய்துவந்தாள். இப்போது அதை மாற்றிச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? எனக்கு வரும் தபாலை என் கணவரிடம் கொடுக்காதே என்று ஒரு பெண் சொன்னால், எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் எங்கள் சபைக்காரி வேறு. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் போதகர் ஜெபம் பண்ண வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டுமுறை வழியில் அவளைப் பார்த்தேன். முதல்முறை வெயிலைப் பற்றிப் பேசினேன். இரண்டாவது முறை அவளுடைய அம்மாவின் முட்டுவலியை விசாரித்தேன். தபாலைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. கார்டை ஒளிக்கத் துணிந்தவளுக்கு, ஒளிக்கிறேன் என்று ஒரு தபால்காரியிடம் காட்டிக்கொள்ளத் துணிவில்லை.

கார்டு கடைக்குப் போயிற்று.

அது ஒரு சனிக்கிழமை. பள்ளியில் தணிக்கை இருந்ததால் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது வீட்டு நடையில் வெளியாள் செருப்புகள் கிடந்தன. உள்ளே கணவருடைய அண்ணனும் அவருடைய மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் பேக்கரி லட்டுப்பெட்டி திறந்திருந்தது. பக்கத்தில் கிழித்த கவர். கணவரின் உள்ளங்கையில் என் புதிய கார்டு. முதல் கார்டு நீலம், இது கறுப்பு. மகள் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள், அடுக்களை வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள்.

திட்டுவார் என்று நினைத்து வாசலிலேயே நின்றேன். அவர் சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எடி, நீ ஆளு கொள்ளாமே, கெட்டிக்காரிதான்! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? அண்ணனுக்க மகளுக்கு கட்டிலும் அலமாரையும் எடுக்கணும்னு நான் தல புகைஞ்சு இருந்தேன், கர்த்தரு கொண்டு தந்திருக்காரு பாரு" என்றார்.

"நல்ல காரியமாக்கும் செய்தது" என்றார் அண்ணன். "நான் பைசா தந்திருவேன், கேட்டியா. நீ ஒண்ணும் பயப்படாண்டாம்."

அண்ணன் மனைவி என் கையில் ஒரு லட்டை வைத்தாள். அவர்கள் சந்திப்பில் உள்ள ஃபர்னிச்சர் கடையில் ஏற்கெனவே மரம் பார்த்து, நிறம் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். ஒரு குறைதான். கார்டை உயிர்ப்பிக்க என் கைபேசி வேண்டும். அதற்காகத்தான் லட்டு.

"அது பிள்ளைக்க பரீட்சைக்கு எடுத்ததாக்கும்" என்றேன்.

"அதுக்கென்ன, அதும் கெட்டலாம். இப்போ கல்யாணக் காரியம் நடக்கட்டு. பரீட்ச எங்கயும் ஓடிப் போவாது" என்றார் கணவர். "போனை எடு, ஆக்டிவேட் ஆக்கு."

மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லேலத்து அன்று அவள் ஊரில் இல்லை, ஆனால் யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் லட்டை மேசையில் வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து கைபேசியை எடுத்தேன். வங்கியின் எண்ணை அடித்தேன். மலையாளத்துக்கு உள்ள எண்ணை அழுத்தினேன், எல்லோருக்கும் புரியட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். கணவர் திருப்தியாகக் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். ஒரு பெண் பேசினாள். என்ன உதவி வேண்டும் என்று கேட்டாள்.

"கார்டு களைஞ்சு போயி" என்றேன்.

கணவர் மேலே போட்ட காலைக் கீழே இறக்கினார். எந்தக் கார்டு, என் பெயரில் இரண்டு இருக்கிறதே என்று அவள் கேட்டாள். ஒன்று என் கணவரின் உள்ளங்கையில் இருந்தது, இன்னொன்று அவர் சட்டைப்பையில் மேலே நீலமாகத் தெரிந்துகொண்டிருந்தது. இரண்டையும் நான் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ரெண்டும்."

எங்கே வைத்துத் தொலைந்தது, தெரியுமா மேடம் என்றாள். பாவம், அவள் தன் வேலையைச் செய்தாள்.

"வீட்டுக்குள்ள வச்சுத்தான் மோளே" என்றேன்.

இரண்டையும் முடக்கிவிட்டதாக அவள் சொன்னாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அண்ணன் எழுந்து வேட்டியை உதறினார். அவருடைய மனைவி லட்டுப்பெட்டியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள், நான் தடுக்கவில்லை. தேநீர் தட்டிலேயே ஆறியது. அவர்கள் போனபிறகு கணவர், "எனக்க கூடப்பிறந்தவனுக்க முன்னால எனக்க மானத்த வாங்கிட்டே" என்றார். அந்த மானத்துக்கும் மாதாமாதம் பில் கட்டியவள் நான்தான்.

பிறகு எல்லாம் நடக்க வேண்டியபடி நடந்தது. கணவர் நாற்பது நாள் என்னோடு பேசவில்லை, சோற்றை மட்டும் மறுக்கவில்லை. அண்ணன் மகள் கல்யாணத்தில் எங்களைப் பந்திக்குக் கூப்பிட ஆள் வரவில்லை. கணவனைக் கள்ளனாக்கியவள் என்று சபையில் எனக்கொரு பெயர் கிடைத்தது. கறுப்புக் கார்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். நீலத்துக்கு மாற்றுக் கார்டை வங்கிக் கிளைக்கே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இப்போது அது என் கைப்பையில், பஸ் பாஸுக்குப் பின்னால் இருக்கிறது. வங்கியிலிருந்து வேறொரு பெண் கூப்பிட்டு இன்னொன்று வேண்டுமா என்றால் ஒன்றே போதும் என்கிறேன். பழைய பதில்தான், சொல்லுகிறவள்தான் பழையவள் இல்லை என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. கொஞ்சநாள் அதில் பெருமையும் இருந்தது.

மகள் அடுத்த தவணையில் பரீட்சை எழுதினாள், பணம் என் கார்டிலிருந்துதான். நல்ல மதிப்பெண். ஆனால் ஏஜென்சிக்காரர்கள் வெளிநாட்டு மருத்துவமனை கேட்ட ஆட்களை முன்பே அனுப்பிவிட்டார்கள். அவளோடு படித்த இரண்டு பேர் போய்விட்டார்கள், பனியில் நிற்கும் படம் அனுப்புகிறார்கள். அடுத்த அழைப்பு எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் அதே வார்டில் ராத்திரி டியூட்டி பார்க்கிறாள். சனிக்கிழமை வந்தால் தூங்குகிறாள். அப்பாவிடம் பேசுவதில்லை. என்னிடம் பேசுவாள், கேட்டதற்கு மட்டும்.

இந்த வருடமும் அறுப்பின் பண்டிகை வந்தது. குலை கொண்டுபோக வேண்டாம் என்றுதான் இருந்தேன். மரத்தில் பழுத்து வௌவால் தின்னக் கண்டு மனசு கேட்கவில்லை, வெட்டிக் கொண்டுபோனேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் சரியாக நடந்திருந்தால் அவள் அந்த நாற்காலியில் இருந்திருக்கக் கூடாது.

குலை ஏலத்துக்கு வந்தது. கணவர் ஐந்நூறு என்றார். அண்ணன் ஆயிரம் என்றார். கணவர் சட்டைப்பையைத் தொட்டார், பழக்கதோஷம். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிப் பந்தலின் இந்தப் பக்கம் பார்த்தார். நாடியை ஆட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். நான் கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் மூடி வைத்திருந்தேன். என்னை எல்லோரும் பார்ப்பது தெரிந்தது. பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மகள் குனிந்து என் கையைப் பார்த்தாள். என் காதருகில் வந்து, கோபம் இல்லாமல், தண்ணீர் கேட்பதுபோலச் சொன்னாள்.

"இந்தக் கைய போன வருசம் மூடியிருக்கலாமேம்மா."

குலை ஆயிரத்துக்கே அண்ணனுக்குப் போயிற்று. அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை, தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.